கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கு வீட்டிலேயே ஆன்டெனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்குள்ளும் அடர்ந்த மரநிழலிலும் கைக்கருவி செயற்கைக்கோள்களைத் தவறவிடுகிறது என்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சால்டரிங் இரும்பைப் பிடித்துப் பழகியவர் எவரும் இவற்றைச் செய்துபார்க்கலாம். அளவிடும் கருவி என்று மல்டிமீட்டரும் ஒரு நல்ல அளவுகோலும் போதும்.

எனக்கு வெளி ஆன்டெனா உண்மையிலேயே தேவைதானா?

திறந்த வெளியில் நடப்பவருக்குத் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டையொட்டி வரத் தொடங்கிய உயர் உணர்திறன் சில்லுகள் கொண்ட கருவிகள், சட்டைப் பையில் இருந்தபடியே நிலையைக் கண்டுபிடித்துவிடுகின்றன. அதற்கு முந்தைய கருவி வைத்திருப்பவர்கள், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி பொருத்திய வாகனத்தில் செல்பவர்கள், கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு காட்டில் தடம் பதிவு செய்பவர்கள் ஆகியோருக்கே இது பயன்படும்.

அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு திருத்தம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த மஞ்சள் நிற கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கருவிகளுக்குள் இருப்பது தட்டையான பேட்ச் ஆன்டெனா. அவற்றின் திரை வானத்தைப் பார்க்கும்படி கிடையாகப் பிடிக்க வேண்டும். தலைப்பகுதியில் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்மேப் 60 வரிசைக் கருவிகளில் இருப்பது சுருள் ஆன்டெனா. அவற்றை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துகொண்டு ஆன்டெனா தேடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் அவ்வளவு பலவீனமானதா?

செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது மைனஸ் 130 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் அளவு; 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வேறுபாடு) அளவில்தான் இருக்கிறது. அதாவது, ஒரு வாட்டின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. அந்தச் சிக்னல் பரவியிருக்கும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இயற்கையான வெப்ப இரைச்சல் மட்டுமே மைனஸ் 111 டிபிஎம் இருக்கும். ஆகவே நாம் தேடும் சிக்னல் இரைச்சலுக்கு அடியில் ஏறக்குறைய 19 டெசிபல் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் உரிய 1023 துணுக்குகள் கொண்ட குறியீட்டை முன்கூட்டியே அறிந்திருப்பதால்தான் கருவியால் அதைத் தோண்டி எடுக்க முடிகிறது.

இதிலிருந்து ஒன்று புலப்படும். பெருக்கி, சிக்னலைப் பெருக்கும்போது கூடவே வந்த இரைச்சலையும் அதே அளவுக்குப் பெருக்குகிறது. தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கவும் செய்கிறது. கூரையால் மறைக்கப்பட்ட சிக்னலை எந்தப் பெருக்கியாலும் மீட்க முடியாது. ஆன்டெனாவை வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் உண்மையான வேலை. அங்கிருந்து கருவி வரை வரும் கேபிளில் சிக்னல் சிதையாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே பெருக்கி தேவைப்படுகிறது.

டிஷ் ஆன்டெனா அல்லது மீன்முள் வடிவ யாகி ஆன்டெனா செய்தால் இன்னும் நன்றாக எடுக்காதா?

எடுக்கும், ஆனால் ஒரே ஒரு செயற்கைக்கோளை. நிலையைக் கணிக்கக் குறைந்தது நான்கு தேவை. அவையும் வானில் நன்கு பரவியிருக்க வேண்டும். ஒரு திசையை உற்றுப் பார்க்கும் ஆன்டெனா மற்றத் திசைகளைக் கைவிட்டுவிடுகிறது. நமக்கு வேண்டியது கவிழ்த்த கிண்ணம்போல வானம் முழுவதையும் ஏறத்தாழச் சமமாகப் பார்க்கும் ஆன்டெனா. அது வலஞ்சுழியாக முனைவாக்கப்பட்ட, அதாவது வலப்புறமாகச் சுழன்றபடி வரும், அலையை ஏற்பதாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் ஜி.பி.எஸ். அலை அப்படித்தான் வருகிறது. நேரான ஒற்றைக் கம்பி அந்த அலையின் ஆற்றலில் பாதியை, அதாவது 3 டெசிபலை, இழந்துவிடும்.

எந்தக் கேபிளைப் பயன்படுத்துவது?

சந்தையில் விற்கும் காந்த அடியுள்ள ஆன்டெனாக்களில் வரும் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள், இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 டெசிபலைத் தின்றுவிடுகிறது. 5 மீட்டருக்கு 6 டெசிபல். ஆன்டெனாவின் அடியிலேயே இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்று இருந்தால் இந்த இழப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 27 டெசிபல் பெருக்கமும் 1.5 டெசிபல் இரைச்சல் எண்ணும் (ஒரு பகுதி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) கொண்ட பெருக்கி முன்னால் இருக்கும்போது, அந்தக் கேபிளையும் கருவியையும் சேர்த்த மொத்த இரைச்சல் எண் 1.6 டெசிபலைக்கூடத் தாண்டாது. பெருக்கி இல்லாமல் அதே கேபிளை, 3 டெசிபல் இரைச்சல் எண் கொண்ட கருவியில் நேரடியாகச் செருகினால் அது 9 டெசிபலாக உயரும். பெருக்கியைக் கேபிளின் மறுமுனையில், கருவிக்குப் பக்கத்தில் வைப்பதால் பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம்: சிக்னல் தொலைந்துபோன பிறகு பெருக்கி என்ன செய்வது?

தூரம் அதிகமென்றால் டி.டி.எச். இணைப்புக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளைத் தயங்காமல் எடுக்கலாம். அதன் மின்மறுப்பு 75 ஓம், ஜி.பி.எஸ். கருவியினுடையது 50 ஓம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பொருந்தாமையால் ஏற்படும் இழப்பு 0.2 டெசிபலுக்கும் குறைவு. மீட்டருக்குக் கால் டெசிபலைச் சற்றே தாண்டும் அதன் சொந்த இழப்போ ஆர்ஜி-174-இன் இழப்பில் கால் பங்குக்குக் கிட்டத்தட்டச் சமம்.

என் கருவியில் வெளி ஆன்டெனாவுக்கான துளை இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கொடுத்து வைத்தவர். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் போன்றவற்றில் பின்புற ரப்பர் மூடிக்கு அடியில் எம்சிஎக்ஸ் வகைத் துளை இருக்கும். பெருக்கி பொதிந்த பேட்ச் ஆன்டெனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எஸ்எம்ஏ-விலிருந்து எம்சிஎக்ஸ்-க்கு மாற்றும் இணைப்பானும் அகப்படலாம். பெருக்கிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கருவியே கேபிள் வழியாக அனுப்பும்; செருகும் முன் அந்த மின்னழுத்தமும் ஆன்டெனாவில் குறித்திருக்கும் அளவும் பொருந்துகின்றனவா என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கைவேலை இங்கே ஒன்றே ஒன்றுதான்: பேட்ச் ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகத் தளம். 7 முதல் 10 செ.மீ. பக்கமுள்ள தகடு போதும். பிஸ்கட் டின்னின் மூடி மிகப் பொருத்தமானது, ஏனெனில் காந்தம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான எவர்சில்வர் தட்டுகளில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் தளமாக அவை நன்றாகவே வேலை செய்யும், நாடாவால் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மலையேறுபவர்கள் இப்படியொரு சிறு தகட்டையும் ஆன்டெனாவையும் தொப்பியின் உச்சியில் வைத்துத் தைத்துக்கொள்வதுண்டு. பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், மனித உடல் சிக்னலை மறைக்காத ஒரே இடம் தலையுச்சிதான்.

துளையில்லாத கருவிக்கு வழி உண்டா? மூடியைக் கழற்றி உள்ளே ஒயரைச் சால்டர் செய்யலாமா?

கழற்ற வேண்டாம். நீர் புகாத அடைப்பு போய்விடும். உள்ளேயிருக்கும் ஆன்டெனாவோடு இன்னொரு கேபிளை இணையாகச் சேர்த்தால் இரண்டுமே கெடும். இதற்கு மீள்கதிர்ப்பு என்ற முறை இருக்கிறது. வெளியே வைத்த ஆன்டெனா பிடித்ததைக் கேபிள் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு சிறு கம்பியின் மூலம் கருவியின் ஆன்டெனாவுக்கு மிக அருகில் மறுபடி வெளியிடுவதே அந்த முறை.

வெளியே காந்த அடியுள்ள பெருக்கி ஆன்டெனா. உள்ளே ஒரு சிறு மின்னூட்டப் பெட்டி. ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி வந்து சேரும் புள்ளியிலிருந்து இரண்டு பாதைகள் பிரிய வேண்டும். ஒன்று 33 முதல் 100 பிக்கோஃபாரட் வரையுள்ள மின்தேக்கி வழியாக உமிழும் கம்பிக்குப் போகும். மற்றொன்று ஒரு சிறு சுருள் வழியாக இரண்டு டபுள்-ஏ மின்கலங்களின் நேர்முனைக்குப் போகும். எதிர்முனை கேபிளின் வெளிப்பின்னலோடு சேரும். 3 மி.மீ. துளைப்பான் தண்டின்மீது மெல்லிய எனாமல் கம்பியை எட்டுச் சுற்றுச் சுற்றி உருவினால் சுருள் தயார். அது நேர்மின்சாரத்தை விட்டுவிட்டு, உயர் அலைவரிசை மின்கலத்தின் பக்கம் ஓடிப்போகாமல் தடுக்கும். பெருக்கி பொதுவாக 10 முதல் 20 மில்லி ஆம்பியர்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் நல்ல ஆல்கலைன் மின்கலங்கள் ஏறத்தாழ நூறு மணி நேரம் உழைக்கும்.

மின்தேக்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீண்ட கால்களுள்ள பழைய வட்டு மின்தேக்கி இங்கே உதவாது. கால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 1 நானோஹென்றி மின்தூண்டலைச் சேர்க்கிறது. இந்த அலைவரிசையில் அது 10 ஓம். இரண்டு கால்களும் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் 200 ஓம் தடையை நீங்களே வைத்ததாகும். பழுதான கைபேசிப் பலகையிலிருந்து எடுத்த, கால்களற்ற சிறு சில்லு மின்தேக்கியே சரி.

உமிழும் கம்பி கால் அலைநீளம் இருக்க வேண்டும். அலைநீளம் 190.3 மி.மீ.; கால் பங்கு 47.6 மி.மீ. கம்பியின் தடிமனுக்காகச் சற்றுக் குறைத்து 45 அல்லது 46 மி.மீ. வெட்டி, 5 செ.மீ. சதுரச் செப்புப் பலகையின் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். பலகையின் செப்பு, வெளிப்பின்னலோடு இணைந்திருக்க வேண்டும். கம்பியைக் கருவியின் ஆன்டெனாப் பகுதிக்கு 2 முதல் 5 செ.மீ. தூரத்தில் வையுங்கள். தூரம் இங்கே முக்கியம்: கணக்குப்படி 10 செ.மீ. இடைவெளியில் 16 டெசிபலும், 1 மீட்டரில் 36 டெசிபலும் இழப்பாகும். 27 டெசிபல் பெருக்கத்தில் கேபிள் 6 டெசிபலைக் கழித்துக்கொண்ட பிறகு நம் கையில் மிஞ்சுவது 21 டெசிபல்தான். டேஷ்போர்டில் கம்பியை நட்டுவிட்டுப் பின்னிருக்கையில் கருவியை வைத்தால் ஏன் வேலை செய்வதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

வெளி ஆன்டெனாவும் உமிழும் கம்பியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது. மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தால் ஊளையிடுவதுபோல, உமிழ்ந்தது மறுபடி ஆன்டெனாவுக்குள் நுழைந்து பெருக்கி தன்னைத்தானே அலறவைத்துக்கொள்ளும். காரின் இரும்புக் கூரை இதற்கு நல்ல தடுப்பு. என் முதல் முயற்சியை மேசைமேல் வைத்துச் சோதித்து, இருந்த சிக்னலும் போய்விட்டதே என்று ஒரு மாலை முழுவதும் இணைப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரச்சினை மேசையில்தான் இருந்தது.

அப்போது கருவி காட்டுவது யாருடைய இடத்தை? கேபிளின் நீளம் பிழையை உண்டாக்காதா?

வெளி ஆன்டெனா இருக்கும் இடத்தைக் காட்டும். கேபிளுக்குள் ஏற்படும் தாமதம் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் ஒரே அளவானது. கருவி அதைத் தன் கடிகாரப் பிழையோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தள்ளிவிடும். நேரடிச் சிக்னலும் மீள்கதிர்ப்பும் கலந்து வந்தால் மட்டுமே நிலை தடுமாறும்.

மின்கலமே இல்லாமல், வெறும் இரண்டு ஆன்டெனாக்களைக் கேபிளால் இணைத்தால்?

மேலே சொன்ன கணக்கில் 27 டெசிபலை எடுத்துவிட்டுப் பாருங்கள். எதுவும் மிஞ்சாது.

இது சட்டப்படி சரியா?

கருவியில் நேரடியாகச் செருகும் ஆன்டெனா வெறும் வாங்கிதான். அதில் சிக்கல் இல்லை. மீள்கதிர்ப்பு, எவ்வளவு சிறிதானாலும், ஓர் ஒலிபரப்பு. அமெரிக்காவில் பொதுமக்கள் இதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. பிரிட்டனில் உரிமம் பெற்றே நிறுவ வேண்டும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டிருக்கும் அலைவரிசைகளில் 1575.42 மெகாஹெர்ட்ஸ் இல்லை. இந்த விதிகளுக்கு நியாயமான காரணம் உண்டு: பக்கத்திலிருக்கும் இன்னொரு கருவி உங்கள் உமிழ்வைப் பிடித்துக்கொண்டால், அது தன் இடத்தை விட்டுவிட்டு உங்கள் ஆன்டெனாவின் இடத்தைத் தன்னுடையதாகக் காட்டும். ஆகவே அனுமதி பெறாமல் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர நான் பரிந்துரைக்க மாட்டேன். விமான நிலையங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் அருகில் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். துளையுள்ள பழைய கருவி ஒன்றைத் தேடி வாங்குவது எல்லா வகையிலும் மேல்.

டி.டி.எச். கேபிளில் போடும் சிறு பெருக்கியை இதற்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி புத்திசாலித்தனமானது, ஏனெனில் அந்தப் பெருக்கி வேலை செய்யும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் ஜி.பி.எஸ். அலைவரிசை வந்துவிடுகிறது. ஆனால் அது தொலைக்காட்சிச் சிக்னல் ஏற்கெனவே வலுவாக்கப்பட்ட பிறகு பயன்படுவதற்காகச் செய்யப்பட்டது. முதல் படியில் வைக்குமளவுக்கு அதன் இரைச்சல் எண் குறைவானதன்று. நீண்ட கேபிளின் நடுவில், நல்ல பெருக்கி ஆன்டெனாவுக்குப் பிறகு வைக்கலாம். அது இயங்குவது 13 முதல் 18 வோல்ட்டில் என்பதை மறந்தால், 3 வோல்ட் ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் ஒரே நொடியில் விடைகொடுக்க நேரும்.

ஆன்டெனாவையே முழுக்க வீட்டில் செய்ய விரும்புகிறேன். எதைச் செய்யலாம்?

நான்கு கைச் சுருள் ஆன்டெனாவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் கில்கஸ் 1960-களின் இறுதியில் விவரித்த வடிவம் இது. கொம்புள்ள கைக்கருவிகளில் இருப்பதும் இதன் வகைதான். உலோகத் தளம் தேவையில்லை. அடிவானம் வரை நன்றாகப் பார்க்கும்.

இதில் இரண்டு செவ்வக வளையங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்று, மேலிருந்து கீழாக அரைச் சுற்று முறுக்கப்பட்டிருக்கும். பெரிய வளையம் 33 மி.மீ. விட்டமும் 49.5 மி.மீ. உயரமும், சிறியது 30 மி.மீ. விட்டமும் 45 மி.மீ. உயரமும் இருக்கட்டும். முறுக்கிய கைகளையும் மேல், கீழ்க் குறுக்குத் துண்டுகளையும் சேர்த்துப் பெரிய வளையத்துக்கு ஏறத்தாழ 209 மி.மீ., சிறியதற்கு 190 மி.மீ. கம்பி பிடிக்கும். இரண்டின் அளவும் வேறுபடுவதால், ஒன்றில் மின்னோட்டம் முந்தியும் மற்றதில் பிந்தியும் ஓடி, சுழலும் அலைக்கு வேண்டிய 90 பாகை வேறுபாடு தானாகவே கிடைத்துவிடுகிறது. வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றைச் செப்புக் கம்பியை உரித்துப் பயன்படுத்தலாம். 2 மி.மீ. பிழை விட்டால் ஒத்திசைவு 15 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

கேபிள் நடுவில் மேலேறி உச்சியில் முடிய வேண்டும். பெரிய வளையத்தின் ஒரு கையும் அதற்கு அடுத்துள்ள சிறிய வளையத்தின் ஒரு கையும் நடுக்கம்பியோடும், எதிர்ப்புறத்து இரு கைகளும் வெளிப்பின்னலோடும் சேரும். வலஞ்சுழி அலையைப் பிடிக்க, கைகளை இடஞ்சுழியாக, அதாவது மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகக் கீழிறங்கும்படி முறுக்க வேண்டும். பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுதான். அடுத்த கை என்பதில் இரண்டு தேர்வுகள் உண்டு: ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றொன்று தரையைப் பார்க்கும். செய்து முடித்ததும் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது சிக்னல் கூடினால் இணைப்பை மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும்.

இன்னொன்று: இந்த வளையங்கள் நேர்மின்சாரத்துக்கு முழு ஷார்ட்டாகும். கேபிளில் மின்னழுத்தம் அனுப்பும் கருவியில் இதை அப்படியே செருகினால் கருவியின் மின்னூட்டப் பகுதி சேதமடையலாம். இடையில் ஒரு சில்லு மின்தேக்கி கட்டாயம். பெருக்கி இல்லாத ஆன்டெனா என்பதால் கேபிளையும் ஒரு சாணுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

கடையில் வாங்கிய பேட்ச் ஆன்டெனாவை இது வெல்லுமா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் அனுபவம். செய்து பார்க்கும் இன்பத்துக்காகச் செய்யலாம்.

ஆன்டெனா உண்மையில் முன்னேற்றம் தருகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கருவித் திரையின் செயற்கைக்கோள் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் பட்டைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘துல்லியம் இத்தனை மீட்டர்’ என்று கருவி சொல்வதை நம்ப வேண்டாம், அது கருவியின் ஊகம். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஆன்டெனா இல்லாமல், ஆன்டெனாவோடு, மறுபடி இல்லாமல் என்று மூன்று முறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓரிரு நிமிடம் பொறுங்கள், ஏனெனில் ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் முழுமையாக வந்துசேர 30 நொடி பிடிக்கும். இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்பினால், மறுநாள் அதே இடத்தில் நான்கு நிமிடம் முன்னதாகச் சோதியுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வானத்துத் தடம் ஒரு விண்மீன் நாளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்தில், மீண்டும் அதே இடத்துக்கு வருகிறது. நேற்றைய வானமே மறுபடி கிடைக்கும்.

காரில் மட்டும் சரியாக எடுக்கவில்லையென்றால், சோதனையின்போது சிகரெட் லைட்டர் துளையிலுள்ள சார்ஜரையும் டேஷ் கேமராவையும் ஒருமுறை பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மலிவானவை கக்கும் இரைச்சலே பல நேரம் குற்றவாளி.

படகில் வைக்கலாமா?

ஃபைபர் படகின் உடல் சிக்னலை அதிகம் தடுக்காது. வலைக்குவியலுக்கும் ஆட்களுக்கும் மேலே ஆன்டெனா நின்றால் போதும். உப்புக்காற்றுதான் எதிரி. இணைப்புகளை மூட சிலிக்கான் பசை பயன்படுத்துவதானால் புளித்த காடி வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும், அதிலிருந்து வெளிவரும் அமிலம் செப்பை அரிக்கும். மேலுறைக்குப் பி.வி.சி. குழாய் ஏற்றது, உறை போட்ட பிறகு ஒருமுறை பட்டைகளைச் சரிபாருங்கள், சுவர் தடித்த குழாய் ஆன்டெனாவின் ஒத்திசைவைச் சற்றுக் கீழே இழுக்கும். உறைக்கு வண்ணம் அடிப்பதானால் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயின்ட் கூடாது.